நாட்றாம்பாளையத்து மண்சுவரும் நீலப்பட்டைத் தேனீயும்

தை மாதக் கடைசியில் நம் இதழுக்கு வந்த வாசகர் கேள்விகளில் ஒன்றை ஆசிரியர் குழுவினர் எனக்கு அனுப்பியிருந்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி வட்டத்தில், நாட்றாம்பாளையம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதிய கேள்வி அது.

'எங்கள் மாட்டுக் கொட்டாயின் மண்சுவரில் ஈ மாதிரி ஒன்று நிறைய ஓட்டை போடுகிறது. வயிற்றில் நீலக் கோடு இருக்கிறது. சுவர் விழுந்துவிடுமா? என்ன மருந்து ஊற்றலாம்?'

'அது தேனீ, மருந்து வேண்டாம்' என்று ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இதே கேள்விக்கு நான் ஒரு காலத்தில் தவறான பதில் சொன்னவன். அதனால் நேரிலேயே பார்த்துவிடலாம் என்று மாசி இரண்டாம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

ஓசூரில் விடியற்காலையில் சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள்தான். சிப்காட் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும். எதிர்த்திசையில் தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி மலைப்பாதையில் இறங்கினால் வேறு உலகம். இரண்டு பக்கமும் காடு. காய்ந்த மூங்கில், உண்ணிச்செடிப் புதர், இலை உதிர்த்து நிற்கும் மரங்கள். இது காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய பகுதி. ராகியும் பலாவும் பழுக்கும் காலத்தில் ராத்திரியெல்லாம் யானைக்குக் காவல் இருக்கும் ஊர்கள். அஞ்செட்டியைத் தாண்டினால் நாட்றாம்பாளையம். அங்கிருந்து அதே சாலை ஒகேனக்கல்லுக்கு இறங்குகிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு என மூன்று மொழியும் ஒரே டீக்கடையில் கேட்கும்.

ஒன்பது மணி வெயில்

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் கொட்டாயின் கிழக்குச் சுவரில் நன்றாக விழுந்திருந்தது. அந்த அம்மா சாணி அள்ளிய கையைக் கழுவிக்கொண்டே சுவரைக் காட்டினார்.

"பாருங்க சார். போன வருசம் நாலஞ்சு இருந்துது. இப்ப எண்ண முடியல."

செம்மண்ணும் களிமண்ணும் கலந்து வைத்த பழைய சுவர். மேலே நாட்டு ஓடு இறக்கியிருந்ததால் மழை படாத இடம். இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை, சுண்டுவிரல் நுழையும் அளவில் முப்பது நாற்பது துளைகள். சிலவற்றின் கீழே புதிதாகச் சுரண்டிய மண் பொடி கிடந்தது.

சுவருக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் குந்தினோம். ஐந்து நிமிடத்தில் முதல் தேனீ வந்தது. சாதாரணத் தேனீ போலத் தவழ்ந்து வராது. விருட்டென்று வந்து அந்தரத்தில் ஒரு நொடி நிற்கும், பக்கவாட்டில் நகரும், மறுபடி நிற்கும், பிறகு சரியாகத் தன் துளைக்குள் போகும். மார்பில் பழுப்பு மயிர். கருப்பு வயிற்றில் நீலமும் பச்சையும் கலந்து மின்னும் பட்டைகள். பின்னங்கால் மயிரில் மகரந்தம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. இதுதான் நீலப்பட்டைத் தேனீ. அறிவியல் பெயர் அமெஜில்லா.

"தேனீன்னா தேனடை எங்க சார்?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

ராணி இல்லாத வீடு

உலகில் 20,000 வகைக்கு மேல் தேனீக்கள் உண்டு. அவற்றில் கூட்டமாக வாழ்ந்து, நாம் எடுக்கும் அளவுக்குத் தேன் சேர்ப்பவை மிகச் சில. நம் பக்கத்தில் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ, கொசுத்தேனீ என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி வகைகளில் மிகப் பெரும்பாலானவை தனித்தேனீக்கள். ராணி கிடையாது, வேலைக்காரத் தேனீ கிடையாது, காவல் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனி ஆளாகத் துளை போடும், மகரந்தம் கொண்டுவரும், முட்டையிடும், அடைக்கும். சில வாரங்களில் அதன் ஆயுள் முடிந்துவிடும். குஞ்சைப் பெரும்பாலும் பார்க்காமலே போய்விடும்.

சுவரில் முப்பது துளை என்றால் அது ஒரு கூடு அல்ல. ஒரே தெருவில் முப்பது தனிக் குடித்தனம் மாதிரி. ஒவ்வொரு துளைக்குள்ளும் சின்னச் சின்ன அறைகள். அறையின் உட்சுவருக்கு ஈரம் புகாதபடி மெழுகு போன்ற பூச்சு. உள்ளே மகரந்தமும் பூந்தேனும் குழைத்து வைத்து, அதன்மேல் ஒரு முட்டை. பிறகு மண்ணால் மூடிவிடும். புழுவுக்குப் பிறந்தது முதல் வளர்ந்து முடியும் வரை அந்த ஒரு கவளம்தான் சாப்பாடு.

அவர்கள் மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். விடுமுறைக்கு வந்திருந்தார். "எங்க லைன்ல ஒருத்தன் ஒரு வேலைதான் சார் செய்வான். இது எல்லா ஸ்டேஷனும் தானே பாக்குது" என்று சிரித்தார்.

காக்க வேண்டிய பெரிய கூடு இல்லாததால் இவை கூட்டமாகத் துரத்திக் கொட்டுவதில்லை. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணைக் கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். மாடும் கன்றும் அந்தச் சுவரை உரசிக்கொண்டே இத்தனை வருடம் நின்றிருக்கின்றன. ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை என்று அந்த அம்மாவே சொன்னார்.

பேசிக்கொண்டிருந்தபோது இன்னொன்று வந்தது. கரிய உடலில் பட்டைக்குப் பதில் வெளிர் நீலப் புள்ளிகள். அது துளை போடவில்லை. சுவர் ஓரமாகவே மெதுவாகச் சுற்றி, வீட்டுக்காரி இல்லாத துளை பார்த்து உள்ளே புகுந்து வெளியே வந்தது. இது குயில் தேனீ. நீலப்பட்டைத் தேனீ சேர்த்து வைத்த உணவில் தன் முட்டையை இட்டுவிடும்.

"காக்கா கூட்டுல குயில் முட்டை வெக்கற மாதிரி! இதுங்களுக்குள்ளயும் அந்தக் கதை இருக்குதா?" என்றார் அம்மா. இருக்கிறது. ஆனால் அதையும் அடிக்க வேண்டியதில்லை. குயில் தேனீ வருகிறது என்றால் சுவரில் குடித்தனம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மாசியில் ஏன் பார்க்க வேண்டும்?

குளிர் நாடுகளில் பனி உருகியதும் முதலில் வெளிவரும் தனித்தேனீக்களைப் பார்க்க மக்கள் தோட்டத்தில் காத்திருப்பார்கள். நமக்குப் பனிக்கட்டி இல்லை. ஆனால் இந்த மலையோரத்தில் மார்கழி, தைக் காலைகள் நன்றாகவே குளிரும். மாசியில் வெயில் ஏறும். ஏட்டுக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையில்தான் இளவேனில். தேனீயும் பூவும் அந்தக் கணக்குக்குக் காத்திருப்பதில்லை. முருங்கை இப்போதே பூத்துவிட்டது. அடுத்தடுத்து புங்கனும் வேம்பும் பூக்கும். தனித்தேனீக்களை மழைக்குப் பிந்திய மாதங்களிலும் பார்க்கலாம். ஆனால் நிலம் காய்ந்து, பூக்கள் சில இடங்களில் மட்டும் இருக்கும் இந்த மாதத்தில் தேடுவது சுலபம். காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் பாருங்கள்.

அன்று காலையிலேயே தோட்டத்தைச் சுற்றினோம். ஒரு ஏக்கருக்குள் நான்கு வகை கிடைத்தன.

முருங்கை மரத்தில் பெரிய கருவண்டு ரீங்காரமிட்டது. கன்னடம் பேசும் வீடுகளில் இதைத் 'தும்பி' என்பார்கள். வண்டு என்று சொன்னாலும் இதுவும் தேனீதான், தச்சன் தேனீ. காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளைத்துக் கூடு கட்டும். கீழே மரத்தூள் கொட்டியிருந்தால் மேலே பாருங்கள், விரல் பருமனில் வட்டமான வாசல் தெரியும். மரத்தை இது தின்பதில்லை. தூளை வைத்து அறைகளுக்குத் தடுப்புக் கட்டும். முருங்கையில் காய் பிடிக்க இதன் உழைப்பு பெரிது.

வேலியோர ரோஜாச் செடியில் இலை விளிம்புகள் அரைவட்டமாக வெட்டப்பட்டிருந்தன. "புழு சார், மருந்து அடிக்கணும்" என்றார் வீட்டுக்காரர். புழு தின்றால் விளிம்பு கோணலாக இருக்கும், கீழே எச்சம் கிடக்கும். இது கத்தரியால் நறுக்கியது போல இருந்தது. இலைவெட்டித் தேனீயின் வேலை. ஒரு துண்டை நறுக்க அதற்குச் சில நொடி போதும். சுருட்டிக் கொண்டுபோய் ஏதாவது துளைக்குள் இலைக் கிண்ணம் செய்து, அதில் முட்டையிடும். மற்றத் தேனீ காலில் மகரந்தம் சுமக்கும். இது வயிற்றின் அடியில் சுமக்கும். பூவில் இருக்கும்போது வயிறு மஞ்சளாகத் தெரிந்தால் இதுதான். ரோஜாவுக்கு இதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

இந்தத் தேனீயின் குடும்பக் கணக்கைக் கேட்டு எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். குழல் போன்ற துளையில் அறைகளை வரிசையாகக் கட்டும். பொதுவாக உள்பக்கத்து அறைகளில் பெண் முட்டை, வாசல் பக்கத்து அறைகளில் ஆண் முட்டை. ஆண்கள் முதலில் வெளியே வந்து காத்திருப்பார்கள். எந்த முட்டை ஆண், எது பெண் என்பதைத் தாயே முடிவு செய்கிறது. கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும்.

நான்காவது, எறும்பைவிடச் சற்றே பெரிய, கருநீலமாக மின்னும் குட்டித் தச்சன் தேனீ. வெட்டிப் போட்ட உண்ணிச்செடிக் குச்சியின் நுனியில், நடுச்சோற்றைக் குடைந்து வாசல் வைத்திருந்தது. நாம் குப்பை என்று கொளுத்தும் குச்சி அதற்கு வீடு.

தக்காளிப் பூவின் பூட்டு

அங்கிருந்து கிணற்றுப் பாசனத் தக்காளிக்குப் போனோம். தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தம் வெளியே கொட்டிக் கிடக்காது. மகரந்தப் பை குழாய் மாதிரி மூடியிருக்கும். முனை வழியாகத்தான் தூள் உதிரும், அதுவும் குலுக்கினால்தான். பெட்டித் தேனீக்கு இப்படிக் குலுக்கத் தெரியாது. நீலப்பட்டைத் தேனீயும் தச்சன் தேனீயும் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் இறக்கைத் தசையை மட்டும் அதிர வைக்கும். உப்பு ஜாடியைக் கவிழ்த்துத் தட்டியது போல மகரந்தம் கொட்டும். காது கொடுத்துக் கேட்டால் பறக்கும் சத்தத்தைவிட மெல்லிய, கூரான ஒரு 'ஜீ' சத்தம் வரும். அன்று அந்தச் சத்தத்தை நான்கு பேரும் கேட்டோம்.

தக்காளி காற்றில் ஆடினாலும் காய் பிடிக்கும். ஆனால் தேனீ அதிர வைத்த பூவில் மகரந்தம் முழுதாகச் சேருவதால் விதை கூடும், காய் பெரிதாகும். ஐரோப்பாவில் கண்ணாடிக் குடில் தக்காளிக்காக 1980களின் கடைசியிலிருந்து குண்டுத்தேனீயை வளர்த்து விலைக்கு விற்கிறார்கள். குண்டுத்தேனீ இல்லாத ஆஸ்திரேலியப் பெருநிலத்தில், நம் சுவரில் இருப்பதன் உறவான நீலப்பட்டைத் தேனீயை வைத்துக் குடில் தக்காளியில் ஆராய்ச்சி செய்தார்கள். அங்கே விலை கொடுத்து வாங்கும் வேலை, இங்கே மாட்டுக் கொட்டாய்ச் சுவரிலிருந்து தினமும் வந்து போகிறது.

சணப்பையை விதைக்கு விடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பூவை அழுத்தித் திறக்கத் தச்சன் தேனீ, இலைவெட்டித் தேனீ போன்ற பலமான தேனீ வேண்டும். வராவிட்டால் செடி பச்சையாக வளரும், காய் குறையும். துவரை தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனாலும் தேனீக்கள் ஒரு வயல் மகரந்தத்தை அடுத்த வயலுக்குக் கொண்டுபோகும். சொந்த விதை எடுப்பவர்கள் இரண்டு துவரை ரகத்தைப் பக்கம் பக்கமாக வைக்காதீர்கள்.

நான் சொன்ன தவறு

இருபது வருடங்களுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் வேலை பார்த்தபோது ஒரு விவசாயி இதே போன்ற சுவரைக் காட்டினார். வண்டு குடைகிறது, சுவர் போய்விடும் என்று பயந்தார். நான் கிட்டப் போய்ப் பார்க்கக்கூட இல்லை. கரையானுக்கு ஊற்றும் மருந்தைக் கலந்து துளைகளில் ஊற்றச் சொன்னேன். மறுவாரம் போனபோது சுவரடியில் நீலப்பட்டைகள் மின்னக் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன. அவர் சந்தோஷமாக நன்றி சொன்னார். அந்தச் சுவருக்கு எதிரேதான் அவருடைய கத்தரித் தோட்டம் இருந்தது. அப்போது இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. என் பட்டப் படிப்பில் பூச்சி என்றால் பெரும்பாலும் கொல்ல வேண்டிய பூச்சிதான். அந்த விவசாயிக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

இன்னொரு பாடமும் உண்டு. 1991–92இல் தாய்லாந்து சாக்கு நோய் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பெட்டித் தேனீக்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. பெட்டிகள் காலியாயின. ஒரே வகைத் தேனீயை நம்பியிருந்தால் ஒரே நோயில் எல்லாம் போகும். சுவர், வரப்பு, குச்சி என்று பல இடத்தில் பல வகை இருந்தால் ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும்.

சுவரை என்ன செய்வது?

சுவர் விழுமா என்ற கேள்விக்கு வருவோம். துளைகள் சில அங்குல ஆழம்தான். ஒரு முழம் கனமுள்ள சுவர் அதனால் விழாது. ஆனால் அந்த வீட்டில் வேறு சிக்கல் இருந்தது. அரசு வீட்டுத் திட்டத்தில் கான்கிரீட் வீடு கட்ட இடம் வேண்டும். கொட்டாயை இடித்தே ஆக வேண்டும்.

"தேனீக்காக வீடு கட்டாம இருக்க முடியுமா சார்?" என்று வீட்டுக்காரர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அளந்து பார்த்தோம். கிழக்குச் சுவரில் எட்டு அடி நீளம் புது வீட்டின் அஸ்திவாரத்துக்கு வெளியே வருகிறது. அதை மட்டும் இடுப்பு உயரத்துக்கு விட்டுவிட்டு, மேலே அதே நாட்டு ஓட்டைக் கவிழ்த்து வைத்தால் மழை இறங்காது. மேல்பாதியை இடிக்கும்போது துளையுள்ள மண் கட்டிகளை உடைக்காமல் எடுத்து, வாசல் கிழக்கே பார்க்க அந்தக் குட்டைச் சுவர் மேலேயே அடுக்கிவிடலாம். உள்ளே இருக்கும் குஞ்சுகள் வெளிவர வாய்ப்பு உண்டு. இடிப்பதை வைகாசிக்குத் தள்ளிப்போட அவர் ஒத்துக்கொண்டார்.

புறப்படும்போது, "ஒரு ஓரத்துல வாடகை இல்லாம இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

"இத்தன வருசமா தக்காளில வாடகை குடுத்துட்டுதான் சார் இருந்திருக்குது. நமக்குத்தான் கணக்குத் தெரியல" என்றார் அந்த அம்மா.

நீங்கள் செய்யக்கூடியவை

* பழைய மண்சுவர், மேட்டுக்கரை இருந்தால் ஒரு பகுதியைச் சிமென்ட் பூசாமல் விடுங்கள். சுவர் இல்லாதவர்கள் உடைந்த பானையிலோ பெட்டியிலோ செம்மண்ணும் மணலும் குழைத்து நிரப்பிக் காயவிட்டு, பென்சில் பருமனில் ஓர் அங்குல ஆழத்துக்குத் துளை போட்டுக் கிழக்கே பார்க்க வையுங்கள்.
* மூங்கில், நாணல், ஆமணக்குத் தட்டு ஆகியவற்றை ஒரு சாண் நீளம் வெட்டி, பின்பக்கம் கணு அல்லது களிமண்ணால் அடைத்து, கட்டாகக் கட்டி, நெஞ்சு உயரத்தில் மழை படாமல் ஆடாமல் வையுங்கள். உள்துளை 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை கலந்து இருக்கட்டும். எறும்பு ஏறாமல் தாங்கு காலில் கிரீஸ் தடவுங்கள். மூங்கிலைச் சொந்த இடத்திலிருந்து எடுங்கள், காட்டில் வெட்டாதீர்கள்.
* வரப்பில் ஒரு பக்கத்தையாவது கொத்தாமல் விடுங்கள். பல தனித்தேனீக்கள் மண்ணுக்குள் வாழ்பவை. வரப்புத் தும்பை, கொல்லைத் துளசி இரண்டும் நீலப்பட்டைத் தேனீக்குப் பிடித்த பூக்கள்.
* பயிர் பூத்திருக்கும்போது பூச்சிமருந்தைக் கூடியவரை தவிருங்கள். அடித்தே ஆக வேண்டுமென்றால், தேனீ நடமாட்டம் அடங்கிய பின் மாலையில் அடியுங்கள். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் போன்றவை செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் பூந்தேனிலும் வரும். அதனால் மாலையில் அடித்தாலும் ஆபத்து நீங்காது. தேனீக்கள் காரணமாகவே இவற்றைத் திறந்த வயலில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது.

இது தொடர்பாக அடிக்கடி வரும் கேள்விகள்

*கேள்வி: ஈயா தேனீயா என்று எப்படிப் பிரிப்பது?*
ஈக்கு இரண்டு இறக்கை, தேனீக்கு நான்கு. ஈயின் கண் முகம் முழுக்க இருக்கும், உணர்கொம்பு மிகச் சிறியது. காலிலோ வயிற்றடியிலோ மகரந்தம் சுமந்தால் அது தேனீ.

*கேள்வி: தச்சன் தேனீ எங்கள் வீட்டு உத்தரத்தைத் துளைக்கிறது. என்ன செய்ய?*
வெயில் படும், எண்ணெயோ பெயின்ட்டோ பூசாத மரத்தைத்தான் அது அதிகம் நாடும். உத்தரத்துக்குப் பூச்சுக் கொடுங்கள். கூடவே வேலியோரம் ஒரு காய்ந்த முருங்கைத் தடியையோ மூங்கிலையோ நட்டு வையுங்கள். பெரும்பாலும் அங்கே போய்விடும்.

*கேள்வி: மாலையில் காய்ந்த குச்சியில் ஏழெட்டுத் தேனீ வரிசையாகத் தொங்குகிறது. நோயா?*
இல்லை. வீடில்லாத ஆண் தேனீக்கள். நீலப்பட்டை ஆண்கள் தாடையால் குச்சியைக் கவ்விக்கொண்டு அப்படித்தான் தூங்கும். காலையில் வெயில் பட்டதும் பறந்துவிடும். மறுநாள் மாலை அதே குச்சிக்குத் திரும்பி வரும், அதனால் அந்தக் குச்சியை ஒடிக்காதீர்கள்.